சாட்பாட்டோடு ஜெர்மன் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் என்னிடம் ஜெர்மன் பி1 (ஏ1, ஏ2-க்கு அடுத்த மூன்றாம் நிலை) படித்தவர்களில் ஒருவர் செவிலியர். வீட்டுப்பாடமாக அவர் அனுப்பும் ஜெர்மன் மின்னஞ்சல்களில் தேடினாலும் பிழை கிடைக்காது. ஒருநாள் வகுப்பில் வெள்ளைத்தாளைக் கொடுத்து, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்கு நாலு வரி எழுதச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்துத் தாளில் இருந்தது ஒரு விளிப்பும் ஒன்றரை வாக்கியமும்தான். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. சொல்ல வேண்டியதை அரைகுறை ஆங்கிலத்தில் சாட்பாட்டிடம் கொடுப்பார், அது தரும் ஜெர்மனை வரிவரியாகப் படிப்பார், எல்லாம் புரியும், அனுப்பிவிடுவார். மூன்று மாதம் தினமும் இப்படியே போயிருக்கிறது. புரிந்தது, ஆனால் கைக்கு வரவில்லை.

செவிலியர் வேலைக்கு பி1, பி2 என்று படிப்பவர்கள், மேற்படிப்புக்குப் போகும் பொறியியல் மாணவர்கள், கணவரோ மனைவியோ அங்கே இருப்பதால் விசாவுக்கு ஏ1 எழுத வேண்டியவர்கள் எல்லோரும் இப்போது கையில் ஒரு சாட்பாட்டோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். எந்த நேரத்தில் அதைத் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாடம் கணக்கு, மொழி அல்ல. ஆனால் நமக்கும் பொருந்துகிற விஷயம். சாதாரண சாட்பாட்டை வைத்துப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. பிறகு சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட்டை வைத்துப் படித்தவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாம், உங்கள் சாட்பாட்டை அந்த இரண்டாவது வகையாக மாற்றிக்கொள்வதற்கானவை.

படி 1: முதல் நாள், அதைச் சோதித்துப் பாருங்கள்

சாட்ஜிபிடியோ ஜெமினியோ, எதுவானாலும் சரி. இலவசக் கணக்கே தொடக்கத்துக்குப் போதும். முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்ட டேர் (ஆண்), டி (பெண்), டாஸ் (இரண்டும் அல்லாதது) என்று ஒன்று வருமே, அதையே கேட்கலாம். 'மேசை என்பதற்கு ஜெர்மனில் டேரா, டியா, டாஸா?' 'டேர் டிஷ்' என்று சரியாகச் சொல்லும். உடனே, 'இல்லை, எங்கள் ஆசிரியர் டாஸ் டிஷ் என்றார்' என்று அடித்துச் சொல்லுங்கள். பல சமயம் உறுதியாக நிற்கும். சில சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியாகச் சொன்னதையே தப்பாக மாற்றிக்கொள்ளும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அது எவ்வளவு நிச்சயமான தொனியில் பேசினாலும் உங்களுக்கு ஒரு நிதானம் வந்துவிடும்.

அது அகராதியைப் புரட்டிப் பதில் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த பழக்கத்தில், அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. இணையத்தில் ஜெர்மன் ஏராளமாக இருப்பதால் அதன் ஜெர்மன் வாக்கியங்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அந்த வாக்கியம் ஏன் அப்படி என்ற விளக்கத்தில்தான் சறுக்கும். அந்த விளக்கத்தைத் தமிழில் கேட்டால் இன்னும் அதிகமாகச் சறுக்கும். ஆகவே பால் பற்றிய சந்தேகத்துக்கு டூடன் அகராதியின் இணையதளத்தைத் திறப்பதே பத்து விநாடியில் முடியும் வேலை. 'டேர் ஸே' என்றால் ஏரி, 'டி ஸே' என்றால் கடல் என்பது போன்ற குழிகள் ஜெர்மனில் நிறைய.

படி 2: ஒரு நோட்டு வாங்குங்கள்

காகித நோட்டு. நாற்பது பக்கம் போதும். மேலே 'தப்பு நோட்டு' என்று எழுதிக்கொள்ளுங்கள். எதற்கு என்பது நான்காம் படியில் வரும்.

படி 3: முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு திறங்கள்

இந்தப் படி ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையால் எழுதுங்கள். ஏ1 என்றால் ஐந்து வாக்கியம். பி1 என்றால் தேர்வின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தும் பி1 தேர்வின் எழுத்துப் பகுதியில் 60 நிமிடத்தில் மூன்று வேலைகள். நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு கருத்து, இரண்டும் சுமார் 80 சொல். கடைசியில் மரியாதையான ஒரு சிறு மின்னஞ்சல், சுமார் 40 சொல். சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள், அல்லது தெரிந்த சொல்லைக் கொண்டு சுற்றிவளைத்துச் சொல்லுங்கள். தேர்வறையில் கேட்பதும் அந்தத் திறமையைத்தான். 'குழாய்' தெரியவில்லையா? 'சமையலறையில் தண்ணீர் நிற்கவே இல்லை' என்று எழுதலாமே.

முடித்த பிறகு அதைத் தட்டச்சு செய்து (தட்டச்சு செய்யும்போதே இரண்டு மூன்று தப்பு உங்கள் கண்ணிலேயே படும்) இப்படிக் கேளுங்கள்:

> நான் ஜெர்மன் ஏ2 படிக்கிறேன். கீழே நான் எழுதிய மின்னஞ்சல் இருக்கிறது. இதைத் திருத்தி எழுதாதே. எந்த வரியில் தவறு, அது எந்த வகைத் தவறு என்று மட்டும் சொல்: வினை நிற்கும் இடம், வேற்றுமை, பால், எழுத்துப்பிழை. சரியான வடிவத்தை நான் கேட்கும்வரை தராதே. புரியும்படி இருக்கும் வாக்கியத்தை அழகுபடுத்த முயலாதே.

கடைசி வரி முக்கியம். அதைச் சொல்லாவிட்டால், உங்கள் ஏ2 மின்னஞ்சலை எடுத்து ஒரு வழக்கறிஞர் எழுதியது போல் ஆக்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், உங்களுடையதாக இருக்காது. நாலைந்து பதில் போனதும் தன் பழக்கத்துக்கே திரும்பி, முழுவதையும் திருத்தி நீட்டும். அப்போது பழைய உரையாடலை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதே கட்டளையை மறுபடி ஒட்டுங்கள். சொற்களை எண்ணச் சொல்லவும் வேண்டாம், தப்பாக எண்ணக்கூடும்.

தமிழில் சிந்தித்து எழுதுகிறவர்களிடம் நான் ஓயாமல் பார்க்கும் தவறு ஒன்று: 'இன்று நான் போகிறேன்' என்பதை 'ஹொய்ட்ட இஷ் கேஹ' என்று எழுதுவது. ஜெர்மனில் முதன்மை வாக்கியத்தின் இரண்டாம் இடம் வினைக்கு; 'ஹொய்ட்ட கேஹ இஷ்' என்றுதான் வர வேண்டும். இன்னொன்று, டேர்-டி-டாஸை மறந்தே போவது. நம் மொழியில் அப்படி ஒரு முன்னொட்டு இல்லாததால் கை தானாகவே விட்டுவிடுகிறது.

படி 4: தப்பு நோட்டை நிரப்புங்கள்

சுட்டிக்காட்டிய வரியை நீங்களே சரிசெய்ய இரண்டு முறை முயலுங்கள். முடியாவிட்டால் விடையைக் கேளுங்கள். பிறகு உங்கள் தவறான வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நோட்டில் கையால் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தப்புக்கு மேல் வேண்டாம். எழுதிய எல்லாவற்றையும் திருத்தப்போனால் பத்தாம் நாள் நோட்டும் இருக்காது, ஆர்வமும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துத் தப்புகளைச் சாட்பாட்டிடம் கொடுத்து, 'இதே வகையில் பன்னிரண்டு வெற்றிட நிரப்பல் கேள்விகள் தா, ஒவ்வொன்றாகக் கேள், நான் பதில் சொன்ன பிறகு அடுத்ததற்குப் போ' என்று கேளுங்கள். எந்தப் பாடநூலும் உங்களுடைய தப்புகளுக்கென்று பயிற்சி போட்டுத் தராது. அதற்கு முன்பெல்லாம் தனி ஆசிரியர் வைக்க வேண்டியிருந்தது. சாட்பாட்டால் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆதாயம் இதுதான். பன்னிரண்டில் ஒரு கேள்வியாவது கோணலாக இருக்கலாம்: இரண்டு விடையும் பொருந்தும், அல்லது விடைக்குறிப்பே தப்பாகும். உங்களுக்கு உறுத்தினால் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைத்து, வகுப்பில் கேளுங்கள்.

சொற்பட்டியல் கேட்காதீர்கள். ஏ1, ஏ2, பி1-க்கான சொற்பட்டியல்களைக் கோத்தே இன்ஸ்டிட்யூட்டே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 'ஏ1 சொற்கள் மட்டும்' என்று சாட்பாட்டிடம் சொன்னால், தலையாட்டிவிட்டு மூன்றாம் வரியிலேயே பி2 சொல்லைப் போடும். அந்தப் பட்டியலிலிருந்து இருபது சொற்களை நீங்களே எடுத்து ஒட்டி, 'இவற்றை வைத்து ஒரு சின்னக் கதை எழுது' என்றால் ஓரளவு கட்டுக்குள் நிற்கும்.

படி 5: விளக்கம் கேட்கும்போது ஆங்கிலத்தை விலக்கச் சொல்லுங்கள்

இலக்கணம் கேட்டால் அது ஜெர்மனை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுத்தான் விளக்கும். நமக்கு அது வேண்டாத சுற்றுவழி. 'நான் நோயாக இருப்பதால்' என்பதை ஜெர்மனில் 'வைல் இஷ் கிராங்க் பின்' என்கிறோம்; வினை கடைசியில். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு இது பெரிய அதிர்ச்சி. தமிழனுக்கு வினை கடைசியில் நிற்பது வீட்டுப் பழக்கம். டூ, ஸீ வேறுபாடும் அப்படித்தான்: 'நீ', 'நீங்கள்' தெரிந்தவருக்கு அதில் ஒரு மணி நேரப் பாடம் எதற்கு? வேற்றுமை என்ற சொல்லைப் பள்ளியிலேயே கேட்டவர்கள் நாம். எட்டு வேற்றுமை பார்த்தவருக்கு ஜெர்மனின் நான்கு பெரிதல்ல.

ஆகவே, 'ஆங்கிலத்தோடு ஒப்பிடாதே, தமிழ் வாக்கிய அமைப்போடு ஒப்பிட்டு எளிய தமிழில் விளக்கு, ஐந்து எடுத்துக்காட்டு தா' என்று கேளுங்கள். அதன் தமிழ் சில நேரம் மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் வாடையோடு வரும், இலக்கணச் சொற்களைக் குழப்பும். விளக்கம் பிடிபடாவிட்டால் விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் பாருங்கள். அவற்றில் அது வல்லது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது: பால். நமக்கு மேசை அஃறிணை, சிறுமி பெண்பால். அங்கே மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி அலிப்பால்: 'டாஸ் மேட்ஷென்'. 'ஷென்' என்று முடியும் குறுமைச் சொல் எல்லாம் டாஸ்தான் என்பது விதி. 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிபவை டி. இந்த மாதிரி ஈறுகளைக் கேட்டு வாங்கி நோட்டின் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மனப்பாடம்தான்.

படி 6: வாய் திறப்பது

சாட்பாட்டின் குரல் வசதி கூச்சம் உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். முப்பது பேர் வகுப்பில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். இங்கே இரவு பதினோரு மணிக்கு, மொட்டை மாடியில், எத்தனை தடவை தப்பினாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை.

ஏ1 தேர்வில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள், எண் சொல்லச் சொல்வார்கள். 47 என்பது ஜெர்மனில் 'ஏழும் நாற்பதும்'. 'இருபது கற்பனைத் தொலைபேசி எண்களை மெதுவாகச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன், பிறகு சரிபார்ப்போம்' என்று கேட்டால் ஒரு வாரத்தில் அந்தப் பயம் போய்விடும். செவிலியர்கள் நோயாளி வேடம் கொடுக்கலாம்: 'உனக்கு 80 வயது, இடுப்பு அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலிக்கிறது, ஆனால் மாத்திரை வேண்டாம் என்கிறாய்.' பி1 பேச்சுத் தேர்வில் துணையோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். அதற்குப் பழகும்போது, 'என் யோசனைகளில் பாதியை மறுத்துப் பேசு' என்று கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 'அருமையான யோசனை!' என்று குதிக்கும். தேர்வில் எதிரே உட்காரும் ஆள் அப்படி இருக்கமாட்டார்.

குரல் வசதியில் ஒரு பொறி இருக்கிறது. அது உங்கள் உச்சரிப்பை மட்டும் கேட்பதில்லை, சூழலை வைத்து ஊகிக்கிறது. தமிழ் எழுத்தில் 'பாக்கென்' என்று ஒரே மாதிரி எழுதுகிறோமே, ஜெர்மனில் அது இரண்டு சொல்: ஒன்று 'பழம்' என்பதில் வரும் ப-வோடு, பெட்டி கட்டுவது, மற்றது 'பஸ்' என்பதில் வரும் ப-வோடு, ரொட்டி சுடுவது. 'பெட்டியைச் சுட வேண்டும்' என்று நீங்கள் சொன்னாலும், கட்டுவதைத்தான் சொல்கிறீர்கள் என்று அது புரிந்துகொண்டு பாராட்டும். எதிரே இருக்கும் ஜெர்மன்காரர் ஒரு கணம் விழிப்பார். 'கார்ட்டென்' என்பதும் அப்படியே: கல் என்பதன் க-வோடு சொன்னால் அட்டைகள், கண்ணாடிக் குவளையை 'கிளாஸ்' என்கிறோமே, அதன் க-வோடு சொன்னால் தோட்டம். இந்த வேறுபாடு நம் எழுத்தில் இல்லாததால் காதிலும் மங்கலாகவே இருக்கிறது.

இதற்கு மருந்து: கைபேசி விசைப்பலகையில் ஜெர்மனைச் சேர்த்து, ஒலிவாங்கியை அழுத்தி, அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள். சூழல் இல்லாததால் ஊகிக்க வழி குறைவு. எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறது என்று பாருங்கள். பத்துக்கு எட்டு முறை சரியாக விழும்வரை விடாதீர்கள். (இந்தக் கட்டுரையில் ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான். உச்சரிப்புக்கு இதை நம்பாதீர்கள்.)

அது பேசும் ஜெர்மன் சுத்தமான மேடை ஜெர்மன் என்பதையும் மறக்க வேண்டாம். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் வார்டில் கேட்கும் ஜெர்மனுக்கும் அதற்கும், செய்தி வாசிப்பாளரின் தமிழுக்கும் நாகர்கோவில் தமிழுக்கும் உள்ள தூரம். மனிதர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொண்டே இருங்கள். டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை இலவசமாகத் தருகிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

எதைக் கொடுக்கக் கூடாது

விண்ணப்பக் கடிதம் திருத்தும்போது பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, வேலை ஒப்பந்தம், மருத்துவமனையின் நோயாளி விவரம் எதையும் ஒட்டாதீர்கள். விசா விதிகளையும் அதனிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அதற்குத் தூதரகத்தின் பக்கம் இருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

வீட்டில் எழுதி வந்த தாள் இனி சான்று ஆகாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே ஒரு வருடம் ஆனது. சாட்பாட் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பிக் குற்றம் சாட்டுவது அதைவிட மோசம். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று வந்தது. எளிய சொல்லும் எளிய வாக்கியமும் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகத்துக்குரியவை. நம் மாணவர்கள் எழுதுவதே அப்படித்தானே! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் விலக்கிக்கொண்டது.

நான் இப்போது செய்வது: எழுதுவது வகுப்பில், கையால், பதினைந்து நிமிடம். வீட்டுக்குப் போய் அதைச் சாட்பாட்டோடு சரிபார்த்து, தப்பு நோட்டில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அடுத்த வகுப்பில் நோட்டைப் பார்த்து, 'இது ஏன் டெம்?' (டேரும் டாஸும் வேற்றுமையில் எடுக்கும் ஒரு வடிவம்) என்று இரண்டு கேள்வி கேட்பேன். 'மிட்' ('உடன்' என்று பொருள்) வந்தால் நான்காம் வேற்றுமை போல ஒன்று வரும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் போதும், வேலை நடந்திருக்கிறது. சாட்பாட் தப்பாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு வகுப்பில் ஒரு டீ வாங்கித் தருவது வழக்கமாகிவிட்டது. மாதம் நாலைந்து டீ செலவாகிறது.

பயிற்சித் தாள் தயாரிப்பதில் எனக்கு அது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரே பாடத்தை ஏ1-க்கும் ஏ2-க்கும் தனித்தனியாக எழுதித் தரும். அச்சடிக்கும் முன் வரிவரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தைய பத்து நாள்

கோத்தே பி1-இல் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். அதனால் எதில் பலவீனமோ அதில் இந்தப் பத்து நாளைப் போடுங்கள்.

சாட்பாட்டை எழுத்துப் பயிற்சியிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். கோத்தே தளத்தில் மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. தினம் ஒன்று, 60 நிமிடம், பேனாவும் தாளும். 55-ஆவது நிமிடத்தில் எழுதுவதை நிறுத்துங்கள். மிச்ச ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். மரியாதை மின்னஞ்சலில் தொடக்கத்தில் ஸீ, நடுவில் டூ என்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நேரம் இருந்தால் கமா.

கடைசி நாள் தப்பு நோட்டை மட்டும் ஒருமுறை புரட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.